கலியமூர்த்தி காட்டாத கட்டடம்

துபாயில், கராமா மீன் மார்க்கெட்டைத் தாண்டி ஒரு கார் பார்க்கிங். அதன் ஓரத்தில் நின்றுகொண்டு கலியமூர்த்தி கையை நீட்டினார்.

"அதோ, அந்த வெள்ளைக் காரு நிக்குது பாரு. அங்கதான் எங்க பில்டிங்கு இருந்துச்சு. இடிச்சிட்டாங்க."

அவருடைய மனைவி வசந்தாம்மா வெள்ளைக் காரைப் பார்த்தார். ஜனவரி மாதத்துச் சாயங்காலக் காற்று. முந்தானையை இழுத்துத் தோளோடு சுற்றிக்கொண்டு, "அப்ப உங்க ரூமு?" என்று கேட்டார்.

"பில்டிங்கே இல்லங்கறேன். ரூமு எங்கேருந்து வரும்?"

நானும் என் மனைவி கல்பனாவும் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தோம். காற்றில் மீன் வறுவல் வாசனையும், எங்கோ லாண்டரியிலிருந்து இஸ்திரி ஆவியின் வாசனையும் கலந்து வந்தன. நானும் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் கட்டடம் எதுவும் இருந்ததில்லை. நான் கராமாவுக்குக் குடிவந்த நாளில் அது வெறும் மணல் திடல். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கிரிக்கெட் நடக்கும். என் முழங்காலில் இருக்கிற தழும்பு அந்த மணலில் விழுந்து வாங்கியதுதான். பிறகு தார் போட்டார்கள், வெள்ளைக் கோடு கிழித்தார்கள், காசு போடும் மெஷின் வைத்தார்கள். இன்று வரைக்கும் ஒரு செங்கல் அங்கே ஏறவில்லை.

கட்டாத கட்டடத்தை ஒருவர் என் கண்ணெதிரே இடித்துத் தள்ளிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சில் மூக்கை நுழைப்பவன் மூக்கு உடைபடும் என்பது எனக்குத் தெரியும்.

விலாசம் இல்லாத ஊர்

இப்படித் துணிந்து பொய் சொல்ல கராமாவைவிட வசதியான இடம் துபாயில் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பேட்டையில் வெகுகாலம் யாருக்கும் விலாசம் இருந்ததில்லை. தபால் எல்லாம் ஆபீஸ் பெட்டிக்குப் போய்விடும். தெருப் பெயர் பலகையில் இருக்கும், ஆனால் அதைப் படித்தவரை நான் சந்தித்ததில்லை. வீட்டுக்கு வழி கேட்டால், "ஈரானி ரொட்டிக் கடைக்கு எதிர் சந்து, மஞ்சள் பில்டிங், கீழே லாண்டரி" என்போம். அதுதான் விலாசம்.

பிறகு ரொட்டிக் கடையை மூடினார்கள். மஞ்சள் பில்டிங்குக்குச் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். லாண்டரி மொபைல் கடை ஆயிற்று. விலாசம் மட்டும் மாறவில்லை. டாக்ஸியில் ஏறி "ஈரானி ரொட்டிக் கடை" என்றால் பழைய பட்டான் டிரைவர் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு நேராகக் கொண்டுபோய் விடுவார். புதிதாக வந்தவன் அந்தச் சந்தில் ரொட்டிக் கடையைத் தேடிக்கொண்டு நிற்பான்.

இப்போது ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் அரசாங்கமே எண் பலகை மாட்டியிருக்கிறது. "அப்பா, ஜஸ்ட் ஷேர் த லொகேஷன்" என்கிறாள் இங்கேயே பிறந்த என் மகள். அவளுக்கு அது போதும். எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் இல்லாத கடைகளை வைத்துத்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கராமாவில் "இடிச்சிட்டாங்க" என்பது முழுமையான பதில். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கலியமூர்த்தி அந்த வழக்கத்தைத்தான் நம்பினார்.

எல்லார் வீட்டுக்குள்ளும் போனவர்

கலியமூர்த்தி ஏசி மெக்கானிக். மன்னார்குடிப் பக்கம். நான் ஒரு கன்சல்டன்சி ஆபீசில் கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வந்த காலத்தில் அவரும் வந்தார் என்று நினைக்கிறேன். இரண்டொரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

மே மாதத்தில் ஏசி நின்றுபோனால் கராமாவில் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் கலியமூர்த்தியைக் கூப்பிடுவார்கள். வருவார். செருப்பை வாசலில் கழற்றுவார். கட்டில் மேல் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஏறி நின்று, மெஷினின் முகத்தைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்பார். "மூச்சு வாங்குது சார். தூசி" என்பார். கராமாவில் அவர் பார்க்காத படுக்கையறை குறைவு. யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்த மனிதர், அதில் ஒரு வார்த்தையும் வெளியே விடாத மனிதர்.

அவர் எங்கே இருந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. குடும்பத்தோடு இருக்கிறவர்கள் பேச்சுலர்களிடம் அதைக் கேட்பதில்லை. "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்போம். "ரூம்லயே சமையல் சார்" என்பார்கள். அதோடு சரி. இங்கே பேச்சுலர் என்றால் கல்யாணம் ஆகாதவர் என்று அர்த்தமில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் என்று அர்த்தம். பேரன் எடுத்த பேச்சுலர்கள் கராமாவில் ஏராளம்.

சில வருஷங்களுக்கு முன் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். பிறகு அவருடைய மகளுக்கு ஷார்ஜாவில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் அப்பாவையும் அம்மாவையும் விசிட் விசாவில் அழைத்து வந்திருந்தாள். திங்கட்கிழமை ஊருக்கு விமானம். சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி. "அங்கிள், அம்மாவுக்குக் கராமா பாக்கணுமாம். வேற எதுவும் வேணாமாம்" என்று சொல்லிவிட்டு, இருவரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள்.

எனக்குக் கராமா கைடு என்று நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் உண்டு. யார் வந்தாலும் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் வரலாறு சொல்லிக் கழுத்தறுப்பேன் என்று கேலி. நான் எழுதிவரும் இந்தத் தொடரில் மார்க்கெட் கடைகளைப் பற்றிச் சொன்னபோது ஒரு வாசகரும் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார். அவருக்கு நன்றி.

சமையலறைப் பேச்சு

சாப்பாடு முடிந்து கலியமூர்த்தி சோபாவில் கண்ணயர்ந்தார். சமையலறையில் வசந்தாம்மா கல்பனாவிடம் பேசிக்கொண்டிருந்தது ஹாலுக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது.

"கல்யாணம் ஆயி ரெண்டு மாசத்துல பொறப்பட்டு வந்தாரும்மா. எடம் சரியாவட்டும், கூப்புடறேன்னாரு. ஒவ்வொரு லீவுக்கும் அதான் பேச்சு. எடம் சரியாவட்டும், எடம் சரியாவட்டும். கடைசில அவரே வந்து சேந்துட்டாரு."

"சம்பளம் கொறைச்சலா இருந்தா ஃபேமிலி விசா குடுக்கமாட்டாங்கக்கா" என்றாள் கல்பனா.

"அது தெரியும். ஒரு மாசம் விசிட்டுல வந்துட்டுப் போனவ எங்க தெருவுலயே இருக்கா. என்னைய ஒரு வாரத்துக்குக்கூடக் கூப்புடல. ஊர்ல சும்மா இருப்பாங்களா? அங்க வேற குடும்பம் இருக்கும்டி, அதான் உன்னையக் கூப்புட மாட்டேங்கறாருன்னு எங்க நாத்தனாரே சொன்னா. நா நம்பல. நம்பாமயும் இல்ல." பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அந்த எடத்த ஒரு தடவ பாத்துடணும்மா. பாத்துட்டா மனசு ஆறிடும். பாக்காமப் போனேன்னா சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் கெடப்பேன்."

சோபாவில் கலியமூர்த்தியின் கண் மூடியிருந்தது. தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

ஏசி வழியே ஒரு வரலாறு

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். வழக்கம்போல் தபால் ஆபீசிலிருந்து ஆரம்பித்தேன். கராமா என்றால் அரபியில் கண்ணியம், மானம் மரியாதை என்று பொருள். எண்ணெய்ப் பணம் ஊருக்குள் வரத் தொடங்கிய காலத்தில், நடுத்தரச் சம்பளக்காரர்கள் குடியிருக்கட்டும் என்று மணல்வெளியில் வரிசையாகக் கட்டிய மூன்று மாடி வீடுகள் இவை. அன்றைக்கு இது நகரத்தின் விளிம்பு. இன்றைக்கு நகரம் எங்களைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நாங்கள் நடுவில் குள்ளமாக நிற்கிறோம்.

இதெல்லாம் நான் சொல்லத் தொடங்கினேன். கலியமூர்த்தி விடவில்லை.

"வசந்தா, இந்தப் பில்டிங்கைப் பாரு. ரெண்டாவது மாடி ஏசி என்னையப் படுத்துன பாடு! அந்த வீட்டுல ஒரு குஜராத்திக் கெழவி. மெஷின் ஓடறப்பவே தண்ணி தெளிப்பா, குளுந்து வரணும்னு."

"இங்கதான் மொத மொதல்ல ஸ்பிளிட் ஏசி மாட்டுனோம். தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு."

பெரிய சுவரோவியங்கள் வரைந்த கட்டடங்களின் அருகில் வசந்தாம்மாவை நிறுத்தினார். தூரத்தில் தங்க நிறத்தில் நிற்கும் பிரம்மாண்டமான படச்சட்டம் போன்ற கட்டடத்தைக் காட்டினார். மெட்ரோ நிலையத்துக்கு ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வங்கிப் பெயரை வைத்த கதையைச் சொன்னார். மார்க்கெட்டில் கைப்பை விற்கிறவர்கள் "அக்கா, சேம் சேம் ஒரிஜினல்" என்று கூப்பிட்டபோது, "நாங்க மன்னார்குடி, எங்ககிட்டயேவா?" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. என் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டாரே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒன்று மட்டும் கவனித்தேன். தையல் கடைகள் இருக்கிற வரிசைக்குப் பின்சந்தை நெருங்கும்போதெல்லாம் அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல சார்" என்றார். சுற்றி வந்து மறுபடி அந்தச் சந்தின் வாய்க்கு வந்தோம். மறுபடியும் திரும்பினார். அப்படித் திரும்பிப் போய்த்தான் பார்க்கிங்கில் நின்று வெள்ளைக் காரைக் காட்டினார்.

வசந்தாம்மா உச்சுக்கொட்டவில்லை. "சரி, நம்ம குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார். பிறகு கால் வலிக்கிறது என்றார்.

செய்யது காக்கா

அருகில் டீ குடிக்க இடம் என்றால் செய்யது காக்காவின் கடைதான். கீழக்கரைக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மளிகைக் கடை, அதன் ஒரு மூலையில் டீ. கராமாவின் பாதிப் பேருக்கு அவர் கடைதான் இன்னும் விலாசம். வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்.

கலியமூர்த்தி வேறு கடைக்குப் போகலாம் என்றார். வசந்தாம்மா அதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

காக்கா டீயோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். "அட, மூர்த்தியா! எப்ப வந்தீக? ஒரு போன் இல்ல, ஒண்ணு இல்ல! இது ஆரு, தங்கச்சியா? வாங்க தங்கச்சி, வாங்க. கடைசில கூட்டிட்டு வந்துட்டீகளே!"

கலியமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை.

"ரூமக் காட்டுனீகளா?" என்றார் காக்கா.

"அதான் இடிச்சிட்டாங்களாமே" என்றார் வசந்தாம்மா.

"ஆரு இடிச்சா? அந்தா, தையக் கடைக்குப் பொறத்தால கல்லு மாதிரி நிக்குது. காலையிலகூட அங்க பால் போட்டுட்டு வந்தேன். மூணாவது மாடி. மூர்த்தி இருந்த வீட்டுல இப்ப நம்ம பரமக்குடிப் பாண்டிதான..."

அப்போதுதான் அவருக்குக் கலியமூர்த்தியின் முகம் கண்ணில் பட்டது. "யா அல்லா" என்று முனகிவிட்டு, யாரும் கேட்காத பிஸ்கட்டை எடுக்க உள்ளே போனார்.

வசந்தாம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அதைவிட மோசமாக, அவர் முகம் வெளிறிப்போனது. நாத்தனார் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று நினைத்தேன். கல்பனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவோம்" என்று எழுந்தார்.

"அங்கெல்லாம் பொம்பளைங்க போவக்கூடாது வசந்தா. பேச்சுலருங்க இருக்கற எடம்."

"நீங்க பேச்சுலராவா இருந்தீங்க? என்னையக் கட்டிக்கிட்டு?"

கலியமூர்த்தி எழுந்து தையல் கடைப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

மூன்றாவது மாடி

லிஃப்ட் இல்லாத கட்டடம். மாடிப்படியில் வெங்காயம் வதங்கும் வாசனை, ஈரத் துணி வாசனை. பேச்சுலர் வீட்டுக்குப் பெண்கள் வரும் நாள் அபூர்வம். அப்படி வந்தால் கீழேயிருந்தே குரல் கொடுப்பது மரியாதை. "லேடீஸ் வர்றாங்க!" என்று நான் கத்தினேன். மேலே கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொடியில் ஒரு துணி இல்லை. லுங்கி கட்டியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பேன்ட் சட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றார்கள்.

பாண்டி முன்னால் வந்தார். சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. "வாங்கண்ணே! வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார்.

ஹாலில் இரண்டடுக்குக் கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. வசந்தாம்மா ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார். "இதுல எது?"

கலியமூர்த்தி தலையைக் குனிந்தபடி ஹாலைக் கடந்தார். பால்கனிக் கதவைத் திறந்தார்.

நான் எத்தனையோ கட்டடங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். பால்கனியில் கட்டில் வரைந்ததில்லை. இங்கே கைப்பிடிச் சுவருக்கு மேலே பிளைவுட் பலகை அடித்து மூடி, உள்ளே ஒரு ஒற்றைக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலும் சுவரும் ஒட்டியிருந்தன. தலைமாட்டில் ஹாலின் ஜன்னல் ஏசி தன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. அது விடும் சூடான காற்று தலையணை மேல் விழுந்தது. ஜனவரியிலேயே அந்த இடம் புழுங்கியது. ஆகஸ்டில் எப்படியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கராமா முழுக்க ஏசி ஓட வைத்தவர், ஏசிக்குப் பின்னால் படுத்துக் கிடந்திருக்கிறார்.

"கடைசி வரைக்கும் அண்ணன் இதுலதாம்மா இருந்தாரு" என்றார் பாண்டி. "உள்ள எடம் காலியானாலும் வரமாட்டாரு. இங்க வாடகை பாதி. இப்ப நான் இருக்கேன். பலகையெல்லாம் எடுக்கச் சொல்லி முனிசிபாலிட்டில சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவர் நாசூக்காக ஹாலுக்குள் நகர்ந்துவிட்டார். நானும் கல்பனாவும் கதவோரம் நின்றோம். போய்விடுவதுதான் மரியாதை. ஆனால் கால் நகரவில்லை.

வசந்தாம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பலகையைத் தொட்டார். ஏசியின் முதுகுக்கு நேரே கையை நீட்டி, அந்த அனலை உள்ளங்கையில் வாங்கினார்.

"ஏசி ரூம்ல இருக்கேன்னு சொல்வீங்களே."

"ம்."

"இங்கயா வேற குடும்பம் வச்சிருப்பீங்கன்னு ஒங்க தங்கச்சி சொன்னா!" திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஒரு பூனையக்கூட வச்சுக்க முடியாது."

"அப்புடியா சொன்னா?" கலியமூர்த்திக்கு அது இதுவரை தெரியாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு மனசு வரல வசந்தா. சொல்லக் கூடாதுன்னு இல்ல. உங்க அப்பா வீட்டுல நீ எப்புடி இருந்த! இத உன்கிட்ட எப்புடிக் காட்டறது? எடம் சரியாவட்டும், சரியாவட்டும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். வருஷம் ஓடிப்போச்சு."

அவர் குரல் உடைந்தது. வசந்தாம்மா சுவரோரமாக நகர்ந்தார். கட்டிலில் தன் பக்கத்தில் கையால் தட்டினார். கலியமூர்த்தி தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தார். இரண்டு பேருடைய தோளும் இடித்துக்கொண்டன.

வசந்தாம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குப் போதுமேங்க" என்றார். "கூப்புட்டிருந்தா வந்திருப்பேனே."